என்தால்பி கணக்கில் பூஜ்யத்தை எங்கே வைக்கிறோம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். பதினோராம் வகுப்பு வெப்ப இயக்கவியலில் என்தால்பி மாற்றம் (அழுத்தம் மாறாமல் நடக்கும் வினை வாங்கும் அல்லது விடும் வெப்பம்) கண்டுபிடிக்க நாலைந்து சூத்திரங்கள் இருக்கின்றன. ஒன்றில் விளைபொருளிலிருந்து வினைபடுபொருளைக் கழிக்கச் சொல்கிறார்கள், இன்னொன்றில் தலைகீழாகச் செய்யச் சொல்கிறார்கள். மீத்தேன் எரிதலுக்கு ஒரு புத்தகத்தில் −890 கிலோ ஜூல் என்று இருக்கிறது, இன்னொன்றில் −802, பிணைப்பு ஆற்றலை (அணுக்களுக்கு நடுவே உள்ள பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றல்) வைத்துப் போட்டால் −694 வருகிறது. லேபில் நடுநிலையாக்கல் வெப்பம் (அமிலமும் காரமும் சேர்ந்து ஒரு மோல் தண்ணீர் உண்டாகும்போது வெளிவரும் வெப்பம்) 57.3 வர வேண்டிய இடத்தில் 54 தான் வருகிறது. எது சரி, எங்கே தப்பு?

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். −890, −802 இரண்டுமே சரி. −694 தப்பு, ஆனால் உங்கள் கூட்டல் கழித்தலில் தப்பில்லை, அட்டவணையிலிருந்து எடுத்த ஓர் எண்தான் பொருந்தாதது. லேபில் வந்த 54 நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை.

இனி காரணம். ஒரு பொருளின் என்தால்பி மொத்தம் எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியாது. இரண்டு நிலைகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதை மட்டும்தான் அளக்க முடியும். அதனால் எந்த அட்டவணையைத் திறந்தாலும், அதைத் தயாரித்தவர்கள் ஏதோ ஒரு நிலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து அளந்திருப்பார்கள். கட்டடத்தின் மூன்றாவது மாடியின் உயரத்தைத் தெருவிலிருந்தும் அளக்கலாம், கடல் மட்டத்திலிருந்தும் அளக்கலாம், முதல் மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் உள்ள இடைவெளி மாறப்போவதில்லை. என்தால்பி மாற்றம் என்பது எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: கடைசி நிலை கழித்தல் ஆரம்ப நிலை. நீங்கள் நாலைந்து சூத்திரம் என்று படிப்பதெல்லாம் இந்த ஒன்றுதான், பூஜ்யம் வைத்த இடம் மட்டும் வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் எதில் எதைக் கழிப்பது என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

உருவாதல் என்தால்பி என்பது ஒரு மோல் பொருள் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது வரும் என்தால்பி மாற்றம். அந்த அட்டவணையில் பூஜ்யம் என்பது தனிமங்கள், 25 டிகிரியில், 1 பார் அழுத்தத்தில், வழக்கமாக எந்த வடிவில் இருக்குமோ அந்த வடிவில். ஆக்சிஜன் வாயு பூஜ்யம், ஆனால் ஓசோன் பூஜ்யமில்லை, அது +142.7. கிராஃபைட் பூஜ்யம், வைரம் +1.9. திரவ புரோமின் பூஜ்யம், புரோமின் ஆவி +30.9. தனிமம் என்று பார்த்த உடனே பூஜ்யம் போடுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். இந்த அட்டவணையில் எல்லாப் பொருளுக்கும் தனிமங்களிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று நேரடியாகவே எண் இருப்பதால் விளைபொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து வினைபடுபொருள்களின் கூட்டுத்தொகையைக் கழித்தால் போதும்.

பிணைப்பு ஆற்றலில் பூஜ்யம் எது? தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் வாயு அணுக்கள். அணுக்கள் சேர்ந்து மூலக்கூறு ஆகும்போது ஆற்றல் வெளியே போகிறது, ஆகவே எல்லா மூலக்கூறும் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும். அதன் உண்மையான இடம் பிணைப்பு ஆற்றல்களின் கூட்டுத்தொகைக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டது. ஆனால் அட்டவணையில் பிளஸ் எண்ணாகத்தான் அச்சிட்டிருப்பார்கள். அந்த மைனஸை உள்ளே கொண்டுபோய்க் கடைசி கழித்தல் ஆரம்பம் என்று எழுதிப் பாருங்கள், மைனஸும் மைனஸும் சேர்ந்து வரிசை புரண்டு, உடைந்த பிணைப்புகள் கழித்தல் உருவான பிணைப்புகள் என்று வந்து நிற்கும். எரிதல் என்தால்பியிலும் இதே கதைதான். அங்கே பூஜ்யம் என்பது எரிந்து முடிந்த நிலை, அதாவது கார்பன் டை ஆக்சைடும் திரவத் தண்ணீரும். எரியக்கூடிய எல்லாமே அதற்கு மேலே இருக்கும், ஆனால் அட்டவணையில் எண் மைனஸில் இருக்கும். அதனால் அங்கேயும் வினைபடுபொருள் கழித்தல் விளைபொருள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். எத்திலீனோடு ஹைட்ரஜன் சேர்ந்து ஈத்தேன் ஆகிறது. எரிதல் என்தால்பி எத்திலீனுக்கு −1411, ஹைட்ரஜனுக்கு −286, ஈத்தேனுக்கு −1560. ஆக −1411 − 286 + 1560 = −137 கிலோ ஜூல். உருவாதல் அட்டவணையில் ஈத்தேன் −84.7, எத்திலீன் +52.3, ஹைட்ரஜன் பூஜ்யம், விடை −137.0. இரண்டு அட்டவணை, இரண்டு பூஜ்யம், ஒரே விடை. ஆனால் எரிதல் வழியில் ஒரு சிக்கல் உண்டு: பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணைப் பிடிக்கிறோம். ஈத்தேனின் எரிதல் வெப்பத்தை அளக்கும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே விடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் ஆட்டம் காணும். தேர்வில் இதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், ஆராய்ச்சிக் கூடத்தில் இது பெரிய தலைவலி.

சரி, ஹெஸ் விதிக்கு வருகிறேன். ஜெர்மெய்ன் ஹெஸ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு இதை 1840இல் வெளியிட்டார், ஆற்றல் அழிவின்மை விதி முறையாக நிலைபெறுவதற்கு முன்பே. ஒரு வினை எத்தனை படிகளில் நடந்தாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்பதுதான் அவர் கண்டது. புத்தகத்தில் இதற்கு எப்போதும் கார்பன் மோனாக்சைடைத்தான் காட்டுவார்கள்: கார்பனை எரித்து மோனாக்சைடு மட்டும் வருகிற மாதிரி நிறுத்த முடியாது, ஆகவே −393.5இலிருந்து −283.0ஐக் கழித்து −110.5 என்று சுற்றுவழியில் பிடிக்கிறோம். நல்ல உதாரணம்தான். ஆனால் நம் ஊரில் இதைவிட அழகான ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கண்ணெதிரே நடந்திருக்கிறது, சுண்ணாம்பு.

காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிறார்கள். கால்சியம் கார்பனேட், கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. உருவாதல் என்தால்பி மதிப்புகள் மோலுக்குக் கிலோ ஜூலில்: கால்சியம் கார்பனேட் −1206.9, கால்சியம் ஆக்சைடு −635.1, கார்பன் டை ஆக்சைடு −393.5. கடைசி கழித்தல் ஆரம்பம் போட்டால் −635.1 − 393.5 + 1206.9 = +178.3. வெப்பம் கொடுத்தால்தான் நடக்கும். அப்புறம் அந்தச் சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று கட்டிகள் வெடித்துப் பொரிந்து, தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பும், பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு −986.1, திரவத் தண்ணீர் −285.8. ஆக −986.1 + 635.1 + 285.8 = −65.2. மோலுக்கு 65 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பில் கிட்டத்தட்ட 18 மோல் இருக்கிறது, அதாவது சுமார் 1,160 கிலோ ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 293 கிலோ ஜூல் போதும். வெப்பம் எதுவும் வீணாகாவிட்டால் ஒரு கிலோ சுண்ணாம்பு நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். தொட்டி ஏன் அப்படிக் கொதிக்கிறது என்பது இந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடும்.

மூன்றாவது படி சுவரில் நடக்கிறது. அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகி இறுகுகிறது, தண்ணீரை வெளியே விடுகிறது. −1206.9 − 285.8 + 986.1 + 393.5 = −113.1. நீற்றும்போது வந்ததைவிட அதிக வெப்பம் இது, ஆனால் சுவரைத் தொட்டால் யாருக்கும் சூடு தெரியாது, ஏனென்றால் வாரக்கணக்கில் மாதக்கணக்கில் நடக்கிறது. எவ்வளவு வெப்பம் என்பது வேறு, எவ்வளவு வேகம் என்பது வேறு. என்தால்பி முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

இப்போது மூன்றையும் கூட்டுங்கள்: +178.3 − 65.2 − 113.1. சரியாகப் பூஜ்யம். கல்லாகப் புறப்பட்டது கல்லாகவே திரும்பிவிட்டது, உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிட்டது, வெளியே போன வாயு உள்ளே வந்துவிட்டது. ஆரம்ப நிலையும் கடைசி நிலையும் ஒன்றாக இருந்தால் மொத்த மாற்றம் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். ஹெஸ் விதிக்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது, நம் பாடப்புத்தகங்களில் இது வர வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. காளவாய்க்குள் 900 டிகிரி அளவில் வெப்பம் இருக்கிறதே, 25 டிகிரி மதிப்பை வைத்துக் கணக்குப் போடலாமா என்று கேட்பீர்கள். 178.3 என்பது 25 டிகிரிக் கல்லில் தொடங்கி 25 டிகிரிச் சுண்ணாம்பில் முடிகிற கணக்கு. கல்லைச் சூடாக்கச் செலவான வெப்பம், சுண்ணாம்பும் வாயுவும் ஆறும்போது விட்ட வெப்பம் இரண்டும் நடுவழியில் வந்து போகின்றன. காளவாய்க்காரருக்கு அந்த ஆறுகிற வெப்பம் திரும்பக் கிடைக்காது, ஆகவே அவர் போடும் விறகோ கரியோ கணக்கைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

இனி மீத்தேன். உருவாதல் மதிப்பு −74.8. எரிந்தால் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடும் இரண்டு மோல் தண்ணீரும் வரும். தண்ணீர் திரவமாக முடிந்தால் −393.5 + 2 × (−285.8) + 74.8 = −890.3. ஆவியாக முடிந்தால் தண்ணீரின் மதிப்பு −241.8, விடை −802.3. வித்தியாசம் 88, அது இரண்டு மோல் தண்ணீரை 25 டிகிரியில் ஆவியாக்கும் வெப்பம், மோலுக்கு 44. இரண்டு புத்தகமும் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கின்றன, அவ்வளவுதான். சமன்பாடு எழுதும்போது ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் திண்மமா திரவமா வாயுவா என்று எழுதச் சொல்லி ஆசிரியர் ஏன் அடித்துக்கொள்கிறார் என்பதற்கு இதுதான் காரணம். அது எழுதாத சமன்பாட்டுக்கு என்தால்பி மாற்றம் என்று ஒன்று கிடையாது.

வீட்டு அடுப்புக்கும் இது பொருந்தும். சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேனும் புரோப்பேனும். பியூட்டேனை மட்டும் எடுத்துக்கொண்டால், தண்ணீர் திரவமாகும் கணக்கில் கிராமுக்கு 49.5 கிலோ ஜூல், ஆவியாகப் போகும் கணக்கில் 45.7. பாத்திரத்தின் ஓரமாக நீராவி மேலே போய்விடுகிறதே தவிர அடுப்புக்கு அடியில் தண்ணீராக இறங்குவதில்லை, ஆகவே சமையலுக்குச் சின்ன எண்தான் நிஜம்.

அந்த −694 எப்படி வந்தது? நீங்கள் போட்ட கணக்கு இப்படி இருந்திருக்கும்: உடைவது நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒவ்வொன்றும் 413, இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள், ஒவ்வொன்றும் 498, மொத்தம் 2,648. உருவாவது நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒவ்வொன்றும் 463, இரண்டு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள், ஒவ்வொன்றும் 745, மொத்தம் 3,342. வித்தியாசம் −694. இங்கே 745 என்பது ஆல்டிஹைடு, கீட்டோன் வகைகளின் இரட்டைப் பிணைப்புக்கு உரிய சராசரி. கார்பன் டை ஆக்சைடில் அதே பிணைப்பு இன்னும் வலுவானது, 799. நல்ல அட்டவணைகளில் இதைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதைப் போட்டால் 3,450, விடை −802. கவனியுங்கள், −890 வரவில்லை, −802 வந்திருக்கிறது. பிணைப்பு ஆற்றலின் பூஜ்யம் வாயு அணுக்கள் என்றேனே, அந்தக் கணக்குக்குத் திரவம் என்று ஒன்று தெரியவே தெரியாது. எல்லாமே வாயு என்றால்தான் அது செல்லும். விளைபொருள் திரவம் என்றால் ஆவியாதல் வெப்பத்தை நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும். மீத்தேனுக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது கொஞ்சம் அதிர்ஷ்டமும்கூட. சராசரி மதிப்புகள்தானே, பல வினைகளுக்கு இருபது முப்பது கிலோ ஜூல் முன்னே பின்னே வரும். உருவாதல் மதிப்பு கிடைக்கும்போது பிணைப்பு ஆற்றல் பக்கம் போகாதீர்கள் என்பது என் கருத்து. கிடைக்காதபோது ஒரு மதிப்பீட்டுக்கு அது அருமையான கருவி.

இயற்பியல் மாற்றங்களுக்கு இதே ஆரம்பம்–கடைசிதான், பெரிதாக ஒன்றும் இல்லை. −10 டிகிரி பனிக்கட்டி ஒரு மோல், 100 டிகிரி ஆவியாக வேண்டும் என்றால் துண்டு துண்டாகப் போடுங்கள்: பனிக்கட்டி 0 டிகிரிக்கு வர 0.38, உருக 6.01, தண்ணீர் 100 டிகிரிக்குப் போக 7.52, ஆவியாக 40.7, மொத்தம் சுமார் 54.6 கிலோ ஜூல். வெப்பநிலை மாறும் இடத்தில்தான் தன்வெப்பம், நிலை மாறும் இடத்தில் வெப்பநிலை மாறாது, அங்கே உருகுதல் அல்லது ஆவியாதல் வெப்பம். இரண்டையும் ஒரே துண்டில் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? மேலே ஆவியாதல் வெப்பம் 44 என்றேன், இங்கே 40.7 என்கிறேன். முன்னது 25 டிகிரியில், பின்னது 100 டிகிரியில். ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சுற்றுவழியில் எடுக்கலாம். 25 டிகிரித் தண்ணீரை 100க்குச் சூடாக்குங்கள், மோலுக்கு டிகிரிக்கு 75.3 ஜூல் வீதம் 5.65 கிலோ ஜூல். ஆவியாக்குங்கள், 40.7. அந்த ஆவியைத் திரவமாகாமல் 25க்குக் குளிர்வித்ததாக வைத்துக்கொள்ளுங்கள், 33.6 ஜூல் வீதம் −2.52. கூட்டினால் 43.8, அட்டவணையின் 44க்குப் பக்கத்தில். கிர்க்காஃப் சமன்பாடு என்று பெரிய பெயரில் படிப்பது இதைத்தான்.

பாம் கலோரிமானி (மூடிய பாத்திரத்துக்குள் பொருளை எரித்து வெப்பத்தை அளக்கும் கருவி) பற்றிய கணக்கு வந்தால் ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். மூடிய எஃகுப் பாத்திரத்தில் கன அளவு மாறாது, ஆகவே அங்கே அளப்பது அக ஆற்றல் மாற்றம், என்தால்பி மாற்றம் இல்லை. வாயு மோல்களின் வித்தியாசத்தை வாயு மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். மீத்தேனுக்கு மூன்று மோல் வாயு ஒன்றாகக் குறைகிறது (தண்ணீர் திரவம் என்பதால் எண்ணக் கூடாது), எனவே −2 × 8.314 × 298 = −4,955 ஜூல். கலோரிமானி −885.3 காட்டினால் என்தால்பி −890.3. வாயு மாறிலி ஜூலில் இருக்கும், மற்றது கிலோ ஜூலில் இருக்கும். ஆயிரத்தால் வகுக்க மறந்து −5840 என்று எழுதிய விடைத்தாள்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம்.

கடைசியாக உங்கள் லேப் கணக்கு. ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி., வெப்பநிலை 6.5 டிகிரி ஏறியது என்றால், கரைசல் 100 கிராம் என்று எடுத்து 100 × 4.18 × 6.5 = 2,717 ஜூல், உண்டான தண்ணீர் 0.05 மோல், வகுத்தால் 54.3 கிலோ ஜூல். கரைசல் வெப்பத்தை வாங்கியது, வினை கொடுத்தது, எனவே விடை −54.3. இதில் 100க்குப் பதில் 50 கிராம் போடுவதும், 0.05க்குப் பதில் 0.1 மோல் போடுவதும், மைனஸை மறப்பதும்தான் வழக்கமான பிழைகள். உங்கள் கணக்கில் அவை இல்லை.

57.3 என்ற எண்ணைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அது பழைய 13.7 கிலோ கலோரியை 4.184ஆல் பெருக்கி வந்தது. இன்றைய அட்டவணைப்படி ஹைட்ராக்சைடு அயனி −230.0, தண்ணீர் −285.8, நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனி பூஜ்யம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆக மிக நீர்த்த கரைசலில் 25 டிகிரியில் நடுநிலையாக்கல் என்தால்பி −55.8 தான். இந்த மதிப்பு வெப்பநிலையோடு வேகமாக மாறக்கூடியது, டிகிரிக்கு 0.2 கிலோ ஜூலுக்கு மேல். குளிர்ந்த லேபில் எடுத்தால் கூடும், நம் ஊர் 30 டிகிரி லேபில் குறையும். கரைசலின் செறிவும் அதைக் கொஞ்சம் மேலே இழுக்கும். ஆகவே உங்கள் 54க்கும் உண்மைக்கும் உள்ள தூரம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு.

மிச்சமிருப்பது கப்பும் காற்றும் தின்ற வெப்பம். அதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. கலந்த உடனே தெரிகிற உச்ச வெப்பநிலையை மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்தாதீர்கள். கலப்பதற்கு முன் சில நிமிடங்களும் கலந்த பின் ஐந்தாறு நிமிடங்களும் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். பின்னால் இறங்கி வரும் கோட்டை அப்படியே பின்னோக்கி, கலந்த நேரம் வரைக்கும் நீட்டுங்கள். அந்த இடத்தில் கிடைக்கும் வெப்பநிலைதான் வெப்பம் கசியாமல் இருந்தால் எட்டியிருக்கக்கூடிய உச்சம், தெர்மாமீட்டர் காட்டியதைவிடச் சற்று மேலே இருக்கும். அதை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள், கண்ணாடி பீக்கருக்குப் பதில் மூடி போட்ட தெர்மாகோல் கப்பில் செய்தால் கோடும் அவ்வளவு சரியாது.